பெட்போர்டு லாரியும் மஞ்சள் முடிச்சும்

லாரியில் இன்னும் என்னென்ன வேலை பாக்கி என்று தினமும் விசாரிக்கிற ஒரே ஆள் பொன்னாயிதான். காலையில் கஞ்சி ஊற்றும்போதே கேட்டுவிடுவாள். "பிரேக்கு முடிஞ்சிருச்சா? லைட்டு மாட்டியாச்சா? அப்ப இன்னும் என்னாதாங்க இருக்கு?" மாயவனும் வாய் நிறையக் கஞ்சியோடு விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொல்வான். கட்டியவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாளே என்று அவனுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் வேறு வேலிக்கு மேலே தலையை நீட்டி, "லாரிக்காரன் பொண்டாட்டி ஆவறதுக்கு ஒனக்கு என்னாடி இம்மாம் அவசரம்" என்று கேலி பேசுவாள்.

பாக்கி குறையக் குறைய அவளுக்குப் பயம் ஏறியது யாருக்கும் தெரியாது. மடக்குகிற விரலில் ஒன்று குறைந்துவிட்டால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. அந்த லாரி ஓடக்கூடாது, ஓடினாலும் அதை அவள் புருஷன் ஓட்டக்கூடாது. அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அது ஒரு பழைய பெட்போர்டு. உலகச் சண்டைக் காலத்து வண்டி என்று மாயவன் பெருமையாகச் சொல்வான். ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு முந்திரிக்காட்டுக்காரரிடம் அது ஓடிக்கொண்டிருந்தபோது அதில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவர் ஆனான். அவனுடைய தெருவில் அதுவரை எல்லோருக்கும் அடுத்தவன் காட்டில் கூலி வேலைதான். அந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவன் அவன். கல்யாணம் ஆன புதிதில் பொன்னாயியை அந்த லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்துத்தான் ஊருக்குக் கூட்டிவந்தான். தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அப்புறம் காட்டுக்காரர் புது லாரி வாங்கினார். புது லாரிக்குப் புது டிரைவர் வந்தான். பெட்போர்டு முந்திரி மரத்தடியில் போய் நின்றது, மாயவன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைக்கப் போனான்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் ஒருநாள் மாயவன் ஆண்டிமடத்துக்குப் போய், அந்த வண்டியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று காட்டுக்காரரைக் கேட்டான். "எடுத்துக்கிட்டுப் போடா, எடமாச்சும் காலியாவட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. எஞ்சினுக்குள் பாம்புச்சட்டை கிடந்தது. இரண்டு ஜோடி மாடுகளைப் பூட்டி அதை ஊருக்கு இழுத்துவந்தான். லாரி மாட்டை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்த ஊருக்கு, மாடு லாரியை இழுத்துவருவதைப் பார்க்கச் சிரிப்புத் தாங்கவில்லை. மாயவன் வண்டியை வாசலில் நிறுத்தி, மேலே பனையோலைப் பந்தல் போட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் லாரிதான் பெரிய மனுஷன். பொன்னாயி தண்ணீர்க் குடத்தோடு வீட்டுக்குள் போக வேண்டுமானால் பானெட்டுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்துதான் போக வேண்டும். கன்றுக்குட்டியைப் பம்பரில் கட்டினாள். துணியைப் பக்கப் பலகையில் காயப்போட்டாள். மாயவன் குவாரியிலிருந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் லாரிக்குள் தலையை விடுவான். ஒரு மாதம் ஒரு சக்கரம், இன்னொரு மாதம் ஒரு கதவு. மழைக்காலம் பூராவும் கார்பரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். கழற்றிய சாமான்களைச் சாக்கில் வரிசையாகப் பரப்பிவைப்பான், அதில் கோழி நடந்தால்கூடக் குடிமுழுகிப்போனதுபோல் கத்துவான். திருச்சிப் பழைய இரும்புக் கடைகளில் தேடி எடுத்ததைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவான், பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி.

ஆரம்பத்தில் பொன்னாயிக்கும் அது ஆசையாகத்தான் இருந்தது. ஸ்பானர் என்றால் ஸ்பானர், குறடு என்றால் குறடு எடுத்துக் கொடுப்பாள். அடியில் படுத்திருப்பவனுக்கு டார்ச் பிடிப்பாள். எல்லாம் அந்தக் கல் விழும்வரைதான்.

குவாரியில் மேலேயிருந்து உருண்ட கல் மாயவன் தலையில் பட்டது. தையல் போட்டார்கள், காய்ச்சல் வந்தது, போனது. காதுக்கு மேலே ஒரு வடு நின்றது. அவ்வளவுதானே என்று எல்லோரும் நிம்மதியானார்கள். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. பொன்னாயி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் குதிகால் தரையில் தட் தட்டென்று அடித்துக்கொண்டது. துருப்பிடித்த போல்ட்டு எதையோ மூச்சைப் பிடித்துத் திருகுகிறான் என்று நினைத்து அவள் தன் பாட்டுக்குப் புடைத்தாள். சத்தம் நிற்கவில்லை. "என்னாங்க, அம்மாம் இறுக்கமாவா இருக்கு?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரை, நுரையில் ரத்தம். வலது கை முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள். தரையில் விழுந்துகிடந்த ஸ்பானரை எடுத்து அவனுடைய இடது கையைப் பிரித்து உள்ளே வைத்து மூடினாள். இரண்டு கையாலும் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உடம்பு உதறி உதறி ஓய்ந்தது. பிறகு அவன் குறட்டை விட்டுத் தூங்கினான். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தவன் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்துச் சிரித்தான். "தூங்கிப்புட்டேன் போலருக்கு. பாரேன், எடக்கையில புடிச்சிருக்கேன். எப்ப கை மாத்துனேன்னே தெரியல." நாக்கு எரிகிறது என்றான். வெற்றிலை போடும்போது கடித்துக்கொண்டேன் போல என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவளுக்குத் தெற்குத் தெருவில் ஆண்டவர் என்று ஒருவன் இருப்பது ஞாபகம் வந்தது. ஆண்டவருக்குச் சின்ன வயசிலிருந்து வலிப்பு. அவனைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விடமாட்டார்கள், வரப்பில் முன்னால் நடக்க விடமாட்டார்கள், குவாரியில் கங்காணி அவனைக் கண்டாலே கையை ஆட்டித் துரத்துவான். பந்தியில் அவன் பக்கத்து இலையில் யாரும் உட்காரமாட்டார்கள். ஆண்டவர் என்று பெயர் வைத்திருந்தும் ஊரில் அவனை எல்லோரும் வலிப்புக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். மாயவனையும் நாளைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்தபோது அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒருதரம்தானே, வெயில் வேகம், இனி வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தை மாதம் மறுபடி வந்தது. பகலில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது. அவள் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வெட்டிவிடப் போகிறதே என்று அதைப் போட்டுவிட்டுச் சாவிக்கொத்தைத் தேடினாள். எழுந்ததும் அப்போதும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பொன்னாயிக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போனது. கட்டிலில் வந்தால் கட்டிலோடு போகும். லாரியில் வந்தால்? குவாரி ரோட்டில் இரண்டு பக்கமும் வெட்டிப்போட்ட பள்ளம். எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும்.

அவள் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். அதற்கும் மாயவனே வழிகாட்டினான். ஒருநாள் எஞ்சினில் மாட்டுகிற சின்னச் சாமான் ஒன்றைக் காணவில்லை என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினான். கடைசியில் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மகள் சாந்தாவிடம் காட்டி, "இத்தினியூண்டுதான். இது இல்லன்னா அம்மாம் பெரிய லாரி அசையாது" என்றான். சாந்தா கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். பொன்னாயி அதைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ஒரு நட்டை எடுத்து வரகுப் பானைக்குள் போட்டாள். அவன் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் திருச்சியிலிருந்து வேறு வாங்கிவந்தான். ஒரு வயரை எடுத்தாள், அவன் வேறு வயர் போட்டான். எதை எடுத்தாலும் எங்கிருந்தாவது இன்னொன்று வந்துவிடுகிறது. அப்படியானால் அவன் தேடாத இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், வேலை முடிந்து திரும்பிப் பார்க்கமாட்டான் என்கிற இடத்திலிருந்து.

ஆவணியில் ஸ்டியரிங் வேலை முடிந்தது. முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்க்கிற நீளக் கம்பிக்கு டை ராடு என்று பெயர். அதன் முனையில் ஒரு பெரிய நட்டு, நட்டுக்குக் குறுக்கே கொண்டை ஊசி மாதிரி ஒரு ஸ்பிலிட் பின். அவன் மாட்டும்போது அவள்தான் குறடு எடுத்துக் கொடுத்தாள். "இனிமே இந்தப் பக்கம் தலவலி இல்ல" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டான். மறுநாள் அவன் குவாரிக்குப் போனதும் அவள் லாரிக்கு அடியில் நுழைந்தாள். பின்னின் விரிந்த கால்களைக் குறடால் நிமிர்த்தி இழுத்தாள். வந்துவிட்டது.

கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் தோய்த்த துணியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, கூடவே அந்தப் பின்னையும் வைத்து முடிந்தாள். சாமிக்கு முடிந்த முடிச்சை வேண்டுதல் நிறைவேறாமல் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாது. அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். "பெருமாளே, அவரு இத ஓட்டக்கூடாது. ஓட்டாம இருந்தா ஒன் காச ஒன்கிட்ட கொண்டாந்து சேத்துடுறேன்" என்று சொல்லி அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள். மாயவன் எஞ்சினை உறுமவைத்து ஊரையே எழுப்பியபோதுகூட அவள் பயப்படவில்லை. உறுமட்டும், சக்கரம் உருளாது என்று இருந்தாள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நாள் குறித்தான். லாரி முதன்முதலில் கல்லங்குறிச்சிக்குப் போகிறது. தெருவில் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். பொன்னாயியின் தம்பி தர்மராஜ் முதல்நாளே வந்துவிட்டான். அவனும் டிரைவர்தான், அரியலூரில் கல் லாரி ஓட்டுகிறான். "வண்டி பேப்பரெல்லாம் எப்ப மாமா முடிப்பீங்க?" என்று கேட்டான். "கோயிலுக்குப் போறதுக்கு என்னாடா மாப்ள பேப்பரு" என்றான் மாயவன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். கல்யாணத்தன்றுகூட அவன் முகம் இப்படி இருந்ததாகப் பொன்னாயிக்கு ஞாபகமில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. சக்கரம் உருளாமல் ஊருக்கு முன்னால் அசடு வழியப்போகிறானே என்று மனசு கேட்கவில்லை. இருந்தாலும் உயிரோடு அசடு வழியட்டும் என்று தேற்றிக்கொண்டாள். குளித்துவிட்டுக் கிளம்பும்போது மஞ்சள் முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பானெட்டுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாயவன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான். எஞ்சின் உறுமியது. பொன்னாயி முன்சக்கரத்தையே பார்த்தாள்.

பழம் சப்பென்று நசுங்கியது. லாரி பந்தலை விட்டு அலுங்காமல் வெளியே வந்து தெருவில் நின்றது.

குலவைச் சத்தத்தில் தெரு கிடுகிடுத்தது. கிழவிகளும் பிள்ளைகளும் தேங்காய்ப் பைகளோடு பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். குஞ்சம்மாளை நான்கு பேர் சேர்ந்து மேலே தூக்கினார்கள். முன்சீட்டில், ஒருகாலத்தில் பொன்னாயி உட்கார்ந்துவந்த அதே இடத்தில், சாந்தா ரிப்பன் கட்டிய தலையை ஆட்டிக்கொண்டு அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தர்மராஜ் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். பொன்னாயி அவனிடம் போனாள்.

"தர்மராசு, முன்சக்கரத்துக்கிட்ட கம்பியில ஒரு பின்னு இருக்குமே. நட்டுக்கு நடுவால. அது இல்லன்னா வண்டி ஓடாதுல்ல?"

"எதுக்கா, டை ராடு பின்னா?" அவன் சிரித்தான். "நல்லா ஓடும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஓட ஓட அதிருதுல்ல, நட்டு கொஞ்சம் கொஞ்சமா கழண்டுகிட்டே வரும். எங்கயாச்சும் ஒரு குழியில எறங்கறப்ப கம்பி கழண்டு வுழுந்துரும். அப்பறம் ஸ்டியரிங்க எந்தப் பக்கம் ஒடிச்சாலும் வண்டி கேக்காது. போன மாசி மாசம் எங்க பக்கத்துல ஒரு கல்லு லாரி அப்புடித்தான் பள்ளத்துல எறங்குச்சு. ஏன் கேக்குற?"

புருஷன் உயிருக்குப் பயந்து பொன்னாயி செய்த காரியம் இப்போது லாரி நிறைய ஆட்களையும் பெற்ற மகளையும் பள்ளத்தை நோக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. மாயவன் ஹாரனை அடித்தான். "எல்லாம் ஏறியாச்சா?"

அவள் ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நசுங்கிக்கிடந்த எலுமிச்சம்பழத்தை மிதித்துக்கொண்டு நின்றாள். கையை விரித்தாள்.

"ஏ புள்ள, வழிய வுடு. பின்னால போயி ஏறு."

"எறங்குங்க. சாந்தா, நீ மொதல்ல எறங்கு."

எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அணைத்துவிட்டு இறங்கிவந்தான். பொன்னாயி இடுப்பிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தாள். அவிழ்க்கக் கூடாத முடிச்சு அது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். காசும் ஸ்பிலிட் பின்னும் அவள் கையில் கிடந்தன.

மாயவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பார்வை பார்த்தான். வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்து அடியில் தலையை விட்டான். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"யாரு எடுத்தது?"

"நாந்தான்."

ஓங்கிய கையைத் தர்மராஜ் பிடித்துக்கொண்டான். "கூண்டோட கொல்லப் பாத்தியா?" என்று கேட்டான் மாயவன். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான். பொன்னாயிக்கு அது அடியைவிட வலித்தது.

"ஓடாதுன்னு நெனச்சேங்க. சத்தியமா ஓடாதுன்னுதான் நெனச்சேன்."

"ஏன் ஓடக்கூடாது?"

அவள் வாய் திறப்பதற்குள் குஞ்சம்மாள் மேலேயிருந்து குறுக்கே விழுந்தாள். "பொம்பளைக்கு எவனோ குறி சொல்லிப் பயங்காட்டியிருப்பான். வுடுடா. புள்ளைய ஏத்திக்கிட்டு மொதத் தடவ போறமேன்னு அவ மனசுல ஏதோ பயம். பின்ன மாட்டிக்கிட்டு கெளம்பு, நல்ல நேரம் போவுது." பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாயவனும் அதைத்தான் நம்பினான் போலிருக்கிறது. அவள் கையிலிருந்து பின்னைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி அடியில் நுழைந்தான். நட்டை இறுக்குகிற சத்தம் கேட்டது. பின்னைச் செருகி அதன் காலை மடக்குகிற சத்தம் கேட்டது.

தப்பித்துவிடலாம். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். குறிகாரன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். ஊர் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்துவிடும். ஆனால் இப்போது அந்த லாரியில் ஒரு குறையும் இல்லை. அவன் ஏறினால் போகும், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். மறைத்துவைக்க அவளிடம் இனி ஒரு சாமானும் கிடையாது.

மாயவன் சட்டையைத் தட்டிக்கொண்டு படியில் காலை வைத்தான்.

"ஒங்களுக்கு வலிப்பு வருதுங்க" என்றாள் பொன்னாயி.

தெரு அப்படியே நின்றது. பின்னால் ஏதோ ஒரு பிள்ளை மட்டும் சிணுங்கிக்கொண்டிருந்தது. மாயவன் காலை எடுக்காமல் திரும்பிப் பார்த்தான்.

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். தலையில அடிபட்டதுலேருந்து. தூக்கத்துலயும் வந்துச்சு. ஒங்களுக்குத் தெரியாது."

"அக்கா, என்னாக்கா பேசுற" என்றான் தர்மராஜ். மாயவன் சிரிக்கப் பார்த்தான். "எனக்குத் தெரியாம எனக்கு வந்துச்சா? இவளுக்குப் புத்தி பெரண்டுதான் போச்சு. ஏறு மாப்ள."

"அன்னைக்கு லாரிக்கு அடியில தூங்கி எழுந்திரிச்சீங்களே" என்றாள் பொன்னாயி. "ஸ்பானரு எடக்கையில இருந்துச்சேன்னு சிரிச்சீங்களே. எப்ப கை மாத்துனேன்னு கேட்டீங்களே. நீங்க மாத்தல. நாந்தான் இரும்பு குடுத்தேன். வலது கை ஒங்க முதுவுக்கு அடியில மாட்டியிருந்துச்சு."

மாயவன் தன் இடது கையைப் பார்த்தான். பிறகு நாக்கை வாய்க்குள் ஒருமுறை புரட்டினான். கடித்த இடத்தைத் தேடுகிறான் என்று பொன்னாயிக்குப் புரிந்தது. படியிலிருந்து காலை எடுத்து அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பின்னாலிருந்து ஒருவர் இருவராக இறங்கினார்கள். கோயிலுக்கு பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்று பொதுவாகச் சொன்னார்கள். அவரவர் தேங்காய்ப் பையை எடுத்துக்கொண்டு, மாயவனைச் சுற்றிக்கொண்டு தள்ளி நடந்து போனார்கள். அப்படிச் சுற்றிக்கொண்டு போனதைப் பொன்னாயி பார்த்துக்கொண்டே நின்றாள். எதற்குப் பயந்து இத்தனை நாள் வாயைக் கட்டினாளோ அது அவள் கண் முன்னாலேயே தொடங்கிவிட்டது. தொடங்கிவைத்தவளும் அவள்தான்.

குஞ்சம்மாள் மட்டும் இறங்கவில்லை. "நாலு பேரு சேந்து ஏத்தியிருக்கீங்க, எறங்க என்னால ஆவாது. தர்மராசு ஓட்டுவான்ல? என் நாத்தனா மவனுக்கும் இது இருந்துச்சு. திருச்சி பெரியாஸ்பத்திரில மாத்திர குடுத்தாங்க, தின்னுக்கிட்டு ஏதோ இருக்கான். யாரும் செத்துப்போவல" என்றாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதி நாள் பேசாமல் இருந்த பொன்னாயி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இன்னும் இரண்டு கிழவிகள் அவளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மாயவன் எழுந்தான். சாவியைத் தர்மராஜிடம் நீட்டினான். "கிளச்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கும். ரெண்டாவது கியரு போட்டப்பறம் ஒதறும், பயந்துடாத. ஹாரன வலது பக்கமா அமுக்கணும்." கல்யாணமாகிப் போகிற மகளைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்கிற மாதிரி இன்னும் நான்கைந்து விஷயம் சொன்னான். முன்சீட்டில் சாந்தா பக்கத்தில் இடம் இருந்தது. அவன் அங்கே ஏறவில்லை. பின்னால் வந்து, பலகையைப் பிடித்து ஏறி, ஒரு மூலையில் உட்கார்ந்தான். பொன்னாயி எதிரே உட்கார்ந்தாள்.

லாரி கிளம்பியது. தர்மராஜ் இரண்டாவது கியர் போட்டபோது அவன் சொன்னபடியே வண்டி உதறியது, பிறகு சீராக ஓடியது. அவ்வளவு அருமையாக ஓடும் என்று பொன்னாயி நினைத்ததே இல்லை. குவாரி ரோடு வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பள்ளம்.

"எத்தன தடவ?" என்று கேட்டான் மாயவன். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

"ரெண்டு. நான் பாத்தது."

அவன் தலையாட்டினான். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ பாக்காதது இருக்குமா?" என்றான்.

"தெரியலங்க."

பொன்னாயி உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அந்த ஒரு ரூபாய்க் காசு வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவரு ஓட்டக்கூடாது என்று நேர்ந்துகொண்டாள், அவன் ஓட்டவில்லை. முடிச்சு அவிழ்ந்தாலும் வேண்டுதல் பலித்துவிட்டது, காசை உண்டியலில் போட வேண்டியதுதான். போடக் கை வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரோட்டில் ஒரு குழி வந்தது. வண்டி இறங்கி ஏறியது, கம்பி கழலவில்லை. பொன்னாயி பதறி மாயவனைப் பார்த்தாள். அவன் கண் தெளிவாகத்தான் இருந்தது. அவனுடைய இடது கை மட்டும் பக்கப் பலகையின் இரும்புப் பட்டையைப் பிடித்திருந்தது, விரல் கணு வெளுக்கிற அளவுக்கு. ஆட்டத்துக்காகப் பிடித்திருக்கிறான் என்று முதலில் நினைத்தாள். குழி தாண்டி ரோடு சமமான பிறகும் பிடி தளரவில்லை. கல்லங்குறிச்சி போய்ச் சேரும்வரை அவன் அந்த இரும்பை விடவில்லை.